கோட்டுக்கு முன்னாடி ஒரு நாடு, பின்னாடி ஒரு நாடு

கேள்வி இதுதான்: அமெரிக்கா மாதிரி குடியேறி வந்தவங்களாலேயே ஆன ஒரு நாட்டுல ஜெர்மன்-அமெரிக்கர், ஐரிஷ்-அமெரிக்கர், இந்திய-அமெரிக்கர்னு ஆளாளுக்கு நடுவுல ஒரு கோடு (இங்கிலீஷ்ல ஹைஃபன்) போட்டுக்கிட்டா நாட்டு ஒத்துமை என்னாகும், எல்லாரும் பேசாம "அமெரிக்கர்"னு மட்டும் சொல்லிக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிடும்?

நியாயமான கேள்விதான், நூறு வருஷத்துக்கு மேலா அங்க இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டிருக்காங்க. என் கருத்தை மொதல்லயே சொல்லிடறேன், அப்பதான் படிக்கறவங்களுக்கு நான் எந்தப் பக்கம் நின்னு பேசறேன்னு தெரியும். அந்தக் கோட்டை வந்தவங்க தானா போட்டுக்கிட்டதைவிட ஏற்கனவே இருந்தவங்க போட்டுவிட்டதுதான் ஜாஸ்தி. விட்டுட்டா அது தானா மங்கிடும், அழிக்கறேன்னு ரப்பரைத் தூக்கிக்கிட்டு கெளம்புனப்பல்லாம்தான் நாடு கிழிஞ்சிருக்கு.

ஸ்கூல்ல தொகைநிலைத்தொடர் படிச்சது ஞாபகம் இருக்கா? "இரவு பகல்"னா இரவும் பகலும், உம்மைத்தொகை, ரெண்டும் சரிசமம். "செந்தாமரை"ன்னா பண்புத்தொகை, அங்க பொருள் தாமரைதான், செம்மை அதோட நிறம். இந்த மொத்தச் சண்டையுமே "ஐரிஷ் அமெரிக்கர்"ங்கறத எந்தத் தொகையா விரிக்கறதுங்கறதுதான்னு எனக்குத் தோணும். ஐரிஷும் அமெரிக்கரும்னு விரிச்சா ஒரே ஆளுக்கு ரெண்டு விசுவாசம், நாளைக்கு ரெண்டுக்கும் சண்டை வந்தா எந்தப் பக்கம்னு சந்தேகம் வரத்தான் செய்யும். ஐரிஷ் வழியில வந்த அமெரிக்கர்னு விரிச்சா ஆளு அமெரிக்கர்தான், முன்னாடி இருக்கறது அவர் வந்த பாதை, அவ்வளவுதான். எதிர்க்கறவங்க மொத மாதிரி விரிக்கறாங்க, வச்சுக்கறவங்க பெரும்பாலும் ரெண்டாவது மாதிரி. ரெண்டு பேரும் வேற வேற வார்த்தையைப் பத்தி சண்டை போடற மாதிரிதான்.

கோட்டு எதிர்ப்புக்கு மூலவர்னா தியோடர் ரூஸ்வெல்ட். 1915 அக்டோபர் 12, கொலம்பஸ் தினம், நியூயார்க் கார்னகி ஹால், எதிர்ல உக்காந்திருந்தது நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்ங்கற கத்தோலிக்க அமைப்பு, அதுல ஐரிஷ் வழி வந்தவங்க நெறைய. அஞ்சு மாசம் முன்னாடிதான் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா கப்பலை மூழ்கடிச்சு 128 அமெரிக்கர்கள் செத்திருந்தாங்க, ஆனா அமெரிக்கா இன்னும் முதல் உலகப் போர்ல எறங்கல, ஜெர்மன் வழி வந்தவங்கள்ல நெறைய பேரு எறங்கவே கூடாதுங்கறாங்க, ஐரிஷ்காரங்க பலருக்கு பிரிட்டன் பக்கம் நின்னு சண்டை போடறதுங்கறதே வயித்தெரிச்சல். அந்தச் சூட்டுலதான் முன்னாள் ஜனாதிபதி எந்திரிச்சு இந்த நாட்டுல ஹைஃபன் போட்ட அமெரிக்கத்தனத்துக்கு எடமே இல்லன்னாரு, விட்டா இது ஒண்ணோட ஒண்ணு சண்டை போடற இனங்களோட சிக்கலாப் போயிடும்னாரு.

இன்னிக்கு இந்த வரியை எடுத்துப் போடறவங்க அதே பேச்சுல பக்கத்துல இருக்கறத விட்டுடறாங்க. குடியுரிமை வாங்கினவங்களை நான் சொல்லல, எனக்குத் தெரிஞ்ச ரொம்ப நல்ல அமெரிக்கர்கள்ல சிலபேரு வெளிநாட்டுல பொறந்தவங்கன்னும் அவர் சொல்லியிருக்காரு. இன்னும் முக்கியமானது, கோட்டுக்கு முன்னாடி ஜெர்மன்னோ ஐரிஷ்னோ இங்கிலீஷ்னோ போட்டுக்கறவன் எப்படியோ, "இந்த மண்ணுல பொறந்தவன்"னு போட்டுக்கறவனும் அப்படித்தான்னாரு. அதாவது பரம்பரை அமெரிக்கன்னு மாரைத் தட்டறவனும் ஹைஃபன்காரன்தான். இந்தப் பாதியோட எனக்கு சண்டையே இல்ல. ஆனா நாடு எடுத்துக்கிட்டது அடுத்த பாதியை மட்டும்தான். நாலு வருஷம் கழிச்சு 1919 செப்டம்பர்ல ஜனாதிபதி உட்ரோ வில்சன் கொலராடோ மாநிலத்து பியூப்லோவுல பேசறப்ப, ஹைஃபனைத் தூக்கிக்கிட்டு நடக்கறவன் இந்தக் குடியரசோட வயித்துல எறக்கறதுக்கு குத்துவாளைத் தூக்கிக்கிட்டு நடக்கறான்னே சொல்லிட்டாரு. ஒரு சின்னக் கோடு கத்தியாயிடுச்சு.

அந்த நாலு வருஷத்துக்குள்ள என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்தக் கேள்விக்கு நேரான பதில், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ஜெர்மன்காரங்க அமெரிக்காவுக்குப் புதுசு இல்ல. 1751-லயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பென்சில்வேனியாவுல இவங்க இப்படி கூட்டமா வந்தா நாம அவங்களை ஆங்கிலேயராக்கறதுக்குப் பதிலா அவங்க நம்மளை ஜெர்மனாக்கிடுவாங்கன்னு பொலம்பியிருக்காரு. (அதே ஃபிராங்க்ளின்தான் 1732-ல ஜெர்மன் மொழியில ஒரு பத்திரிகையும் அச்சடிச்சு விக்கப் பார்த்தாரு, ஓடல. வியாபாரம் வேற, பொலம்பல் வேற போல.) அதுக்கப்புறம் நூத்தம்பது வருஷம் அவங்க பண்ணை வச்சாங்க, ஸ்கூல் நடத்துனாங்க, பத்திரிகை போட்டாங்க, மில்வாக்கி பக்கம் பீர் கம்பெனிங்க நடத்துனாங்க, சர்ச்சுல ஜெர்மன்ல பாடினாங்க, குடியரசு ஒண்ணும் கவுந்துடல. 1917 ஏப்ரல்ல அமெரிக்கா போர்ல எறங்கினதும் எல்லாம் தலைகீழாச்சு. அயோவா மாநிலத்துல பெர்லின்னு ஒரு ஊரு லிங்கன்னு பேரு மாத்திக்கிச்சு. அதே அயோவாவோட கவர்னர் ஹார்டிங் 1918 மே மாசம் ஒரு பிரகடனம் போட்டாரு: ஸ்கூல்ல, பொது எடத்துல, ரயில்ல, சர்ச்சுல, ஏன் டெலிபோன்ல கூட இங்கிலீஷைத் தவிர வேற எந்த மொழியும் பேசக்கூடாது. ஜெர்மன் மட்டும்னு நெனைக்காதீங்க, டேனிஷ், நார்வீஜியன், செக்னு எல்லா மொழிக்கும் சேத்துதான் பூட்டு. வீட்டுல கெழவி இங்கிலீஷ் தெரியாதவளா இருந்தா அவ யாருகிட்டயும் போன்ல பேச முடியாது, சர்ச்சுல பிரசங்கமும் புரியாது.

இல்லினாய்ஸ்ல காலின்ஸ்வில்லுன்னு ஒரு சுரங்க ஊரு, அங்க 1918 ஏப்ரல்ல ராபர்ட் பிராகர்ங்கற ஜெர்மன்காரனை கும்பல் தூக்குல போட்டுக் கொன்னுச்சு. அந்த ஆளு அமெரிக்கக் கடற்படையில சேரப் போயி கண்ணு சரியில்லன்னு திருப்பி அனுப்பப்பட்டவன். வழக்கு நடந்துச்சு, பதினோரு பேரு மேல, எல்லாரும் விடுதலை. நெப்ராஸ்காவுல 1919-ல சின்னப் பிள்ளைங்களுக்கு அந்நிய மொழியே சொல்லித் தரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, பத்து வயசுப் பையனுக்கு பைபிள் கதையை ஜெர்மன்ல படிக்கச் சொல்லித் தந்ததுக்காக ராபர்ட் மேயர்ங்கற வாத்தியாருக்கு 25 டாலர் அபராதம். அவர் விடல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 1923-ல கோர்ட் அந்தச் சட்டத்தை அடிச்சுப் போட்டுச்சு. எல்லாரும் ஒரே மொழி பேசணும்ங்கறது நல்ல ஆசையாவே இருக்கலாம், ஆனா அந்த ஆசைக்காக அரசியல் சட்டத்தை மிதிக்க முடியாதுங்கறது தீர்ப்போட சாரம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் போர்ல பிரான்ஸுக்குப் போன அமெரிக்கப் படையோட தளபதி ஜான் பெர்ஷிங், ஜெர்மன் வம்சாவளி. அடுத்த போர்ல ஹிட்லர் மேல படையெடுத்த ஐசன்ஹோவர், பசிபிக்ல ஜப்பானை அடிச்ச கடற்படைத் தளபதி நிமிட்ஸ், இவங்களும் ஜெர்மன் வம்சாவளி. நிமிட்ஸ் பொறந்த டெக்சாஸ் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஜெர்மன்காரங்க உண்டாக்கின ஊரு. விசுவாசம் எந்தப் பக்கம்ங்கற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் வேணுமா?

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் கேப்பாரு, "பாத்தீங்களா, அமுக்குனாங்க, கோடு போச்சு, இன்னிக்கு ஜெர்மன்-அமெரிக்கர்னு யாராவது பிரச்சனை பண்றாங்களா?" கோடு போச்சு, உண்மைதான். ஆனா அது அமுக்கலேன்னாலும் போயிருக்கும், ஸ்வீடன்காரங்களோடதும் நார்வேகாரங்களோடதும் போன மாதிரி, மூணாவது தலைமுறைக்கு பாட்டியோட மொழி போயிடறது கிட்டத்தட்ட எல்லா இனத்துக்கும் நடக்கறதுதான். அமுக்கினதால கூடுதலா கெடைச்சது ஒரு பொணமும் கொஞ்சம் மூடின ஸ்கூலும், பேரை மாத்திக்கிட்ட குடும்பங்களுக்குள்ள ரெண்டு தலைமுறைக்கு ஒரு ஊமை பயமும்தான்.

சரி, உருகறதைப் பத்திப் பேசுவோம். "உருக்குப் பானை" (melting pot, எல்லா நாட்டுக்காரனும் ஒரே பானையில உருகி ஒரே அமெரிக்கனா வெளிய வரணும்)ங்கற பேச்சு 1908-ல வந்த ஒரு நாடகத்தால ஊரெல்லாம் பரவுச்சு. ஹென்றி ஃபோர்டு கம்பெனி இதை மேடையிலயே காட்டிடுச்சு. தொழிலாளிங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர ஒரு ஸ்கூல் வச்சிருந்தாங்க, அதோட பட்டமளிப்பு விழாவுல மேடையில ஒரு ராட்சசப் பானை, ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவனவன் ஊரு உடுப்புல மூட்டையோட பானைக்குள்ள எறங்கணும், வாத்தியாருங்க பெரிய கரண்டியால கிண்டற மாதிரி பாவலா பண்ணுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டுல அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கிட்டு வெளிய வருவாங்க. சிரிப்பா இருக்குல்ல, ஆனா அந்தத் தொழிலாளிங்கள்ல பலபேரு உண்மையிலயே சந்தோஷமாத்தான் எறங்கியிருப்பாங்கன்னு நெனைக்கறேன், ஆசைப்பட்டுத்தானே வந்தாங்க. அதே காலத்துல, 1915-ல, ஹோரஸ் காலன்ங்கற தத்துவப் பேராசிரியர் இதுக்கு நேர் எதிரா வாதாடினாரு, நாடுங்கறது பானை இல்ல ஆர்கெஸ்ட்ரா, ஒவ்வொரு வாத்தியமும் அதோட ஒலியிலயே வாசிக்கணும்னு. எனக்கு ரெண்டு உவமையுமே பூரணமா ஒட்டல. பானையில உருகணும்னு உள்ள குதிச்சவனை வெளிய தூக்கிப் போட்ட கதையை ரெண்டுமே சொல்லல.

அந்தக் கதை டகாவோ ஒசாவாவோடது. ஜப்பான்ல பொறந்து சின்ன வயசுலயே வந்தவர், கலிஃபோர்னியாவுல படிச்சவர், இருபது வருஷமா அமெரிக்க மண்ணுல இருக்காரு, வீட்டுல இங்கிலீஷ்தான், பிள்ளைங்க அமெரிக்க ஸ்கூல், அமெரிக்க சர்ச். ஹைஃபனே வேண்டாம்னு முழுசா தன்னை உருக்கிக்கிட்ட மனுஷன். குடியுரிமை கேட்டாரு. அப்ப இருந்த சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளிக்கும் மட்டும்தான் குடியுரிமை தரும். 1922 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா சொல்லிடுச்சு, நீங்க எல்லா வகையிலயும் தகுதியானவர்தான், ஆனா வெள்ளையர்னா காகேசிய இனம், நீங்க அது இல்ல.

சரி, காகேசிய இனம்தானே, நான் இருக்கேனேன்னு அடுத்த மூணாவது மாசம் வந்தாரு பகத் சிங் திந்த். பஞ்சாப்காரர், சீக்கியர், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவ உடுப்புல இருந்தவர். அன்னிக்கு இருந்த இனவியல் கணக்குப்படி வட இந்தியர்கள் காகேசியர்தான்னு வாதம். 1923 பிப்ரவரி 19, அதே கோர்ட், அதே நீதிபதி எழுதின தீர்ப்பு: விஞ்ஞானம் என்ன சொன்னா என்ன, சாதாரண மனுஷன் உங்களைப் பாத்து வெள்ளையர்னு சொல்ல மாட்டான். ஒரே குளிர்காலத்துக்குள்ள அளவுகோலையே மாத்திட்டாங்க. இந்தத் தீர்ப்பை வச்சு ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலபேரோட குடியுரிமையும் பறிபோச்சு. திந்துக்கு கடைசியில 1936-ல, போர்ல பணியாற்றினவங்களுக்கான ஒரு தனிச் சட்டத்தால கெடைச்சது. மத்த இந்தியர்கள் 1946 வரைக்கும் காத்திருக்கணும், ஜப்பானியர் 1952 வரைக்கும். "வெறும் அமெரிக்கர்னு சொல்லிக்கிட்டா போதுமே"ன்னு கேக்கறவங்களுக்கு நான் ஒசாவாவைத்தான் காட்டுவேன், அவர் சொல்லிக்கிட்டாரு, நாடுதான் ஒத்துக்கல.

அந்தப் பிப்ரவரி 19-ஐ ஞாபகம் வச்சுக்குங்க. 1942-ல, ஜப்பானோட போர் நடந்துக்கிட்டிருந்தப்ப, அதே தேதியில அப்ப ஜனாதிபதியா இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066-ம் நம்பர் ஆணையில கையெழுத்துப் போட்டாரு. மேற்குக் கடற்கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளி மக்கள் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, பண்ணை எல்லாத்தையும் விட்டுட்டு முள்வேலி முகாமுக்குக் கொண்டுபோனாங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்காவுலயே பொறந்த குடிமக்கள். ஜெர்மன், இத்தாலியர்ல ஆயிரக்கணக்கானவங்களைத் தனித்தனியா விசாரிச்சு அடைச்சாங்கதான், ஆனா இப்படி பச்சைக் குழந்தை வரைக்கும் மொத்தமா வாரிக்கிட்டுப் போகல. இதுல ஹவாயைப் பாருங்க: ஜப்பான் போட்ட குண்டு விழுந்ததே அங்கதான், பேர்ல் ஹார்பர்ல, தீவு மக்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஜப்பானிய வம்சாவளி. நியாயப்படி பயம் அங்கதான் ஜாஸ்தி இருக்கணும். ஆனா அங்க மொத்தமா அடைக்கல, ரெண்டாயிரம் பேருக்கும் கொறவாத்தான் புடிச்சாங்க, ஏன்னா அத்தனை பேரைத் தூக்கிட்டா கப்பல்கூடத்துல வேலை பாக்க ஆளில்ல, தீவே நின்னுடும். அப்படி வெளிய விட்டதால அங்க எந்த நாசவேலையும் நடக்கல. அப்ப கலிஃபோர்னியாவுல நடந்தது பாதுகாப்புக்காகன்னு எப்படி நம்பறது?

முகாமுக்குள்ள 1943-ல ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க பாருங்க, இந்த ஹைஃபன் விவகாரம் மொத்தமும் அந்த ஒரு தாள்ல இருக்கு. 27-வது கேள்வி, எங்க அனுப்பினாலும் அமெரிக்கப் படையில சண்டை போடுவியா. 28-வது, அமெரிக்காவுக்கு நிபந்தனையில்லாத விசுவாசம் தந்து ஜப்பான் சக்கரவர்த்தி மேல இருக்கற விசுவாசத்தைக் கைவிடுவியா. இங்கயே பொறந்தவன் "ஆமா கைவிடறேன்"னா இவ்வளவு நாள் வச்சிருந்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அவனோட அப்பா "ஆமா"ன்னா, அவருக்குத்தான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே சட்டம் விடலயே, ஜப்பானையும் விட்டுட்டா எந்த நாடும் இல்லாத ஆளாயிடுவாரு. இருக்கற ஒரே நாட்டைக் கைவிடு, ஆனா எங்க நாட்டைத் தர மாட்டோம்னு கேக்கற கேள்வி அது. ரெண்டுக்கும் "இல்ல"ன்னு எழுதினவங்களைத் துரோகி முத்திரை குத்தி தனி முகாமுக்கு அனுப்பினாங்க.

"ஆமா"ன்னு எழுதினவங்கள்ல பலபேரு, ஜப்பானிய வம்சாவளி வீரர்களுக்குன்னு இருந்த 442-வது படைப்பிரிவுல சேந்தாங்க. அப்பா அம்மா முள்வேலிக்குள்ள, பிள்ளை இத்தாலியிலயும் பிரான்ஸிலயும் துப்பாக்கியோட. அந்தப் பிரிவோட அளவுக்கும் சேவை செஞ்ச காலத்துக்கும் கணக்குப் பாத்தா அமெரிக்க ராணுவ வரலாற்றுலயே ஜாஸ்தி விருது வாங்கினது அதுதான்னு சொல்லுவாங்க. அதே பிரிவுல இருந்த ஹவாய்க்காரர் டேனியல் இனோயே 1945 ஏப்ரல்ல இத்தாலியில வலது கையை இழந்தாரு, அப்புறம் ஹவாயோட செனட்டரா 1963-லருந்து 2012-ல சாகற வரைக்கும் இருந்தாரு. 1988-ல ஜனாதிபதி ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் மன்னிப்பு கேட்டு, முகாம்ல அடைபட்டவங்கள்ல உயிரோட இருந்த ஒவ்வொருத்தருக்கும் 20,000 டாலர் குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி விசாரிச்ச கமிஷன் காரணமா சொன்னது மூணு: இனவெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையோட தோல்வி. ராணுவத் தேவைங்கறது அந்தப் பட்டியல்ல இல்ல.

இப்ப எதிர்ப்பக்கம். இதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையில்லாத ஆளாயிடுவேன். கோட்டுக்கு முன்னாடி இருக்கற நாட்டுக்காக நெஜமாவே வேலை பாத்தவங்க இருக்காங்க. 1939 பிப்ரவரி 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஜெர்மன் அமெரிக்கன் பண்டுங்கற அமைப்பு சுமார் 20,000 பேரைக் கூட்டி நாஜி சல்யூட் அடிச்சுச்சு, மேடையில ஜார்ஜ் வாஷிங்டன் படம், அதைச் சுத்தி ஸ்வஸ்திகா. நம்ம ஆளுங்களையே எடுத்துக்குங்க: 1913-ல மேற்குக் கடற்கரையில கதர் கட்சி (கதர்த் துணி இல்ல, Ghadar, "கலகம்"னு அர்த்தம்) ஆரம்பிச்ச இந்தியர்கள் அமெரிக்க மண்ணுல இருந்துக்கிட்டே, முதல் உலகப் போர் நேரத்துல ஜெர்மன் காசுல ஆயுதம் வாங்கி இந்தியாவுல பிரிட்டிஷாருக்கு எதிரா புரட்சி பண்ணத் திட்டம் போட்டாங்க, 1917-18-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல "இந்து-ஜெர்மன் சதி வழக்கு"ன்னு பெரிய வழக்கே நடந்துச்சு. நமக்கு அவங்க தியாகிகள். அமெரிக்க அரசாங்கத்தோட கண்ணுல பாத்தா, தன்னோட நடுநிலைச் சட்டத்தை மீறினவங்க. ரெண்டுமே உண்மை. ஐரிஷ்காரங்க காசு அனுப்பி அயர்லாந்து விடுதலையை வளர்த்ததும் இதே கணக்குதான்.

ஆனா இதுக்கு மருந்து என்ன? 1938-ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு, வெளிநாட்டு அரசாங்கத்துக்காக அமெரிக்காவுல பிரசாரமோ அரசியல் வேலையோ பாக்கறவங்க பதிவு பண்ணிக்கணும்னு. நாஜி பிரசாரத்தைக் கட்டுப்படுத்தத்தான் போட்டாங்க, இன்னிக்கும் இருக்கு. அது பேரைப் பாக்கறதில்ல, செயலைப் பாக்குது. எந்த நாட்டு வம்சாவளியா இருந்தாலும் சரி, பரம்பரை அமெரிக்கனா இருந்தாலும் சரி, அடுத்த நாட்டுக்கு வேலை பாத்தா சொல்லிட்டுப் பாரு. இது எனக்கு ஏத்துக்கத் தக்கதா படுது. அதே மாதிரி எல்லாருக்கும் ஒரு பொது மொழி தெரிஞ்சிருக்கணும், ஒரே சட்டம், ஒரே ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காரணும்ங்கறதையும் நான் ஒத்துக்கறேன். 2025 மார்ச்ல இங்கிலீஷை ஆட்சிமொழின்னு ஆணை போட்டாங்க, அதுவரைக்கும் அப்படி ஒண்ணு தேசிய அளவுல இல்லாமலேயே எல்லாரும் இங்கிலீஷுக்கு மாறிக்கிட்டுதான் இருந்தாங்கங்கறது வேற விஷயம். 1924-ல குடியேற்றக் கதவைக் கிட்டத்தட்ட சாத்தினதாலதான் உள்ள இருந்தவங்க கலக்க நேரம் கெடைச்சுதுன்னு ஒரு வாதமும் உண்டு, அதையும் ஒரேடியா தள்ளிட முடியாது. 1910-ல மக்கள் தொகையில வெளிநாட்டுல பொறந்தவங்க 14.7 சதவீதம், 1970-ல 4.7, 2023-ல மறுபடி 14-ஐ ஒட்டி. இந்த ஹைஃபன் சண்டை எப்பல்லாம் சூடாகுதுன்னு பாத்தா இந்த எண்ணோட சேந்துதான் ஏறி எறங்கும்.

எப்படி மங்குதுங்கறதுக்கு ஐரிஷ்காரங்கதான் அழகான உதாரணம். நியூயார்க்ல செயின்ட் பாட்ரிக் ஊர்வலம் 1762-லயே நடந்திருக்கு, அதாவது நாடு பொறக்கறதுக்கு 14 வருஷம் முன்னாடி. 1840-கள், 50-கள்ல கத்தோலிக்கனா, போப்போட ஆளுன்னு அவங்களை அடிச்சாங்க, 1844-ல ஃபிலடெல்ஃபியாவுல சர்ச்சுகளையே கொளுத்தினாங்க. 1928-ல அல் ஸ்மித் ஜனாதிபதி தேர்தல்ல நின்னப்ப அதே போப் பேச்சுதான். 1960 செப்டம்பர்ல கென்னடி ஹூஸ்டன்ல பிராட்டஸ்டன்ட் பாதிரிமாருங்க முன்னாடி நின்னு நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்ல, ஜனநாயகக் கட்சி வேட்பாளர், கத்தோலிக்கனாவும் இருக்கேன்னு வெளக்கம் குடுக்க வேண்டியிருந்துச்சு. பைடன் வந்தப்ப யாரும் கேக்கவே இல்ல. ஊர்வலம் இன்னும் நடக்குது, ஐரிஷே இல்லாதவங்களும் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு போறாங்க. 1979-ல ஹெர்பர்ட் கான்ஸ்ங்கற சமூகவியல் அறிஞர் இதுக்கு குறியீட்டு இன அடையாளம்னு பேரு வச்சாரு, பண்டிகைக்கு எடுத்து மாட்டிக்கிட்டு மறுநாள் மடிச்சு வச்சிடற அடையாளம்.

மடிச்சு வைக்க முடியாதவங்கதான் பிரச்சனை. கறுப்பின மக்களோட முன்னோர்கள் பலபேரு இன்னிக்கு இருக்கற வெள்ளைக் குடும்பங்களோட முன்னோர்களுக்கு ரொம்ப முன்னாடியே அங்க வந்தவங்க, அதுவும் சங்கிலியில. வந்து எத்தனை தலைமுறை ஆச்சுங்கறதுதான் கணக்குன்னா அவங்களுக்குத்தான் மொதல்ல கோடு அழிஞ்சிருக்கணும். 1988-ல ஜெஸ்ஸி ஜாக்சன் ஆப்பிரிக்க-அமெரிக்கர்ங்கற பேரைப் பரப்பினப்ப அவர் கேட்டது, மத்த எல்லாரையும் போல எங்களுக்கும் தோல் நிறத்துக்குப் பதிலா ஒரு மண்ணோட பேரு வேணும்னுதான். ஆசிய-அமெரிக்கர்ங்கறதும் 1968-ல பெர்க்லியில மாணவர்கள் உண்டாக்கினது, அதுக்கு முன்னாடி அவங்களைக் கூப்பிட்ட பேரு "ஓரியன்டல்", கம்பளத்துக்குச் சொல்ற வார்த்தை. ஆசிய-அமெரிக்கர்ங்கற பேரு ஒரு கவசம். 1982-ல டெட்ராய்ட் பக்கத்துல ரெண்டு வெள்ளைக்காரங்க, ஜப்பான் கார்களாலதான் நம்ம வேலை போச்சுங்கற கோவத்துல வின்சென்ட் சின்னை அடிச்சுக் கொன்னாங்க. அவர் ஜப்பானியரே இல்ல, சீன வம்சாவளி. அவங்களுக்கு ஒருநாள் கூட ஜெயில் இல்ல, நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். அடிக்கறவன் கோட்டுக்கு முன்னாடி எந்த நாடுன்னு பாத்து அடிக்கறதில்ல.

2015-ல லூசியானா மாநிலத்து கவர்னரா இருந்த இந்திய வம்சாவளிக்காரர் பாபி ஜிண்டால் ஜனாதிபதி தேர்தலுக்கு நிக்கறேன்னு அறிவிச்சப்ப, ஹைஃபன் அமெரிக்கர் பேச்சே எனக்கு அலுத்துப்போச்சு, நாம இந்திய-அமெரிக்கரோ ஐரிஷ்-அமெரிக்கரோ இல்ல, எல்லாரும் அமெரிக்கர்னாரு. நம்ம ஆளுங்க அவரை வறுத்தெடுத்தாங்க. எனக்கு அதுல அவ்வளவு கோவம் வரல, அவர் எப்படிக் கூப்பிடப்படணும்ங்கறது அவரோட உரிமை. ஆனா கமலா ஹாரிஸ் கதையைப் பாருங்க, 2024 ஜூலையில ட்ரம்ப் மேடையில உக்காந்து, இந்தம்மா இந்தியரா கறுப்பினத்தவரான்னு தெரியலையேன்னு கேட்டாரு. அவங்களா இஷ்டப்பட்டு ரெண்டுல எதை விட்டாலும் கேள்வி விட்டிருக்காது.

இன்னொரு வேடிக்கை, 2019-ல அசோசியேட்டட் பிரஸ்ங்கற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தோட எழுத்து நடை விதிகள்ல ஆசிய அமெரிக்கர், ஆப்பிரிக்க அமெரிக்கர் எல்லாத்துலயும் நடுவுல இருந்த கோட்டையே எடுத்துட்டாங்க. நம்ம தமிழ்ல எப்பவுமே வேணாம்தான்.

என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். குடியுரிமை உறுதிமொழியில ஒரு வரி வரும், இதுவரைக்கும் நான் குடிமகனா இருந்த எந்த அந்நிய மன்னர், அரசு, ஆட்சி மேல இருக்கற விசுவாசத்தையும் அடியோட துறக்கறேன்னு. இந்தியா ரெட்டைக் குடியுரிமை தராது, அதனால நமக்கு அது வெறும் வார்த்தை இல்ல, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாகணும். எங்க விழாவுல அந்த வரிக்கு முன்னாடி ஒரு அதிகாரி மைக்ல ஒவ்வொரு நாட்டுப் பேரா வாசிச்சாரு, அந்தந்த நாட்டுலருந்து வந்தவங்க எந்திரிச்சு நிக்கணும், எந்திரிச்சவங்க உக்காரக்கூடாது. எத்தியோப்பியான்னாரு, ரெண்டு பேரு. இந்தியான்னதும் ஹால்ல ஒரு பெரிய கூட்டமே எந்திரிச்சோம், பின்னாடி யாரோட பாட்டியோ கை தட்டினாங்க. கடைசியில வியட்நாம் வந்தப்ப உக்காந்திருந்த ஆளே இல்ல. அப்பதான் வலது கையைத் தூக்கச் சொன்னாங்க.